நிறமும் உணர்வும்: ஆரம்பகால அருவ நீர்வண்ண ஓவியம் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

பாரிஸ் நகரின் பொம்பிடு நிலையத்தில் பேணப்படும் சிறியதொரு நீர்வண்ண ஓவியம், உலகின் முதலாவது அருவ நீர்வண்ண ஓவியம் என நெடுங்காலமாகப் போற்றப்பட்டு வந்துள்ளது. வசிலி கண்டின்ஸ்கி தீட்டிய அவ்வோவியத்தில் அடையாளங் காணத்தக்க மரமோ மனிதரோ இல்லை. சிவப்பும் நீலமும் திட்டுத்திட்டாகப் பரந்து கிடக்க, மெல்லிய கருங்கோடுகள் அவற்றை ஊடறுத்துச் செல்கின்றன. ஓவியர் அதற்கு 1910 என ஆண்டு குறித்தார். ஆயினும் 1913 இல் அவர் தீட்டிய ‘கொம்பொசிஷன் ஏழு’ என்னும் பேரோவியத்துடன் அது கொண்டுள்ள நெருங்கிய உறவைச் சுட்டி, ஆய்வாளர் பலர் அதனை 1913க்கு உரியதாகவே கொள்வர். இது வெறும் காலக்கணிப்புப் பிரச்சினை அன்று. கலைவரலாற்றைத் தனிமனித மேதைகளின் கண்டுபிடிப்புகளாக நோக்கும் பார்வையே இங்கு கேள்விக்குள்ளாகின்றது.

கண்டின்ஸ்கிக்கு ஏறத்தாழ நாற்பது ஆண்டுகளுக்கு முன்னரே, 1871 இல், ஜோர்ஜியானா ஹூட்டன் என்னும் ஆங்கிலப் பெண்மணி இலண்டனில் தமது 155 நீர்வண்ண ஓவியங்களைக் காட்சிக்கு வைத்தார். சுழன்று பின்னும் நிறக்கோடுகளால் ஆன அவற்றை ஆவிகளின் வழிகாட்டலில் வரைந்ததாக அவர் நம்பினார். நிறங்களுக்குரிய பொருளையும் விளக்கினார். கண்காட்சி அவருக்குப் பெரும் நட்டத்தையே தந்தது. கலைவரலாற்று நூல்களும் அவரை நெடுங்காலம் மறந்திருந்தன. 2016 இல் இலண்டன் கோர்ட்டோல்ட் கலைக்கூடம் நடத்திய கண்காட்சியே அவரைப் பரவலாக மீள அறிமுகஞ் செய்தது.

இம்மறதிக்குச் சமூகக் காரணம் உண்டு. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் நீர்வண்ணக் கட்டிகள் ஆயத்தப் பொருளாக இங்கிலாந்துச் சந்தைக்கு வந்தன. நிறம் அரைக்கும் தொழில் ஓவியரின் பட்டறையிலிருந்து வணிகரின் கைக்கு மாறியது. கையடக்கமான வண்ணப்பெட்டி மத்தியதர வர்க்கத்து இல்லங்களுக்குள் புகுந்தது. நீர்வண்ணம் தீட்டல் அவ்வர்க்கப் பெண்களுக்குரிய நற்பயிற்சியாயிற்று. எண்ணெய் வண்ணம் ‘உயர்’ கலையாகவும் நீர்வண்ணம் பொழுதுபோக்காகவும் மதிக்கப்பட்ட படிநிலையில், ஒரு பெண்ணின் நீர்வண்ணப் பரிசோதனை கலையாக ஏற்கப்படாமை வியப்பன்று.

இனி உணர்வு பற்றிய கோட்பாட்டை நோக்குவோம். தேயிலை வணிகரின் மகனாகப் பிறந்து, மொஸ்கோவில் சட்டமும் பொருளியலும் பயின்ற கண்டின்ஸ்கி, 1896 இல் பல்கலைக்கழகப் பதவியொன்றை மறுத்து, ஓவியம் பயில மியூனிக் சென்றார். 1911 இன் இறுதியில் வெளிவந்த, கலையின் ஆன்மிகம் பற்றிய நூலில், நிறம் ஆன்மாவை நேரடியாக அதிரச் செய்வது என அவர் வாதிட்டார். மஞ்சள் மண்சார்ந்தது, நீலம் விண்ணை நாடுவது, பச்சையோ தன்னிறைவில் அசைவற்றிருக்கும் பூர்ஷ்வாவைப் போன்றது என்பது அவர் கணிப்பு. இக்கருத்துகளில் பிரமஞான இயக்கத்தின் செல்வாக்கு வெளிப்படையானது. சென்னை அடையாற்றைத் தலைமையகமாகக் கொண்ட அவ்வியக்கத்தின் அன்னி பெசன்ட், லெட்பீட்டருடன் இணைந்து எழுதிய ‘எண்ண வடிவங்கள்’ என்னும் நூல், ஒவ்வோர் உணர்ச்சிக்கும் ஒரு நிறத்தை வகுத்திருந்தது.

ஆயின், நிறத்தின் உணர்வுப்பொருள் என்றும் எங்கும் ஒன்றுதானா? ஐரோப்பிய மணமகள் அணியும் வெண்ணிறம் நம்மிடையே கைம்மைக்கோலமாக இருந்துள்ளது. கண்ணின் இயல்பு பொதுவானதாயினும், கண்டதற்குப் பொருள் தருவது சமூக வாழ்க்கையே. 1923 இல் பௌஹவுஸ் கல்லூரியில் கண்டின்ஸ்கி வினாக்கொத்து ஒன்றைச் சுற்றுக்கு விட்டு, மஞ்சள், சிவப்பு, நீலம் ஆகியவற்றை முக்கோணம், சதுரம், வட்டம் என்பவற்றோடு இணைக்குமாறு கேட்டார். விடைகள் பெரும்பாலும் அவர் கருத்தையே ஒத்திருந்தன. ஒரே கல்விச்சூழலில் இருந்தோர் அளித்த அவ்விடைகள் மனித இயல்பைக் காட்டிலும் பயிற்சியின் ஆற்றலையே உணர்த்துகின்றன எனலாம்.

இதனைக்கொண்டு அருவ ஓவியம் முழுவதையும் பூர்ஷ்வாச் சீரழிவு என ஒதுக்கிவிடுவது வரட்டு மார்க்சியமாகும். கலைஞனுக்கும் அவன் வாழும் சமூகத்துக்கும் இடையே தீராத முரண்பாடு தோன்றும்போதே ‘கலை கலைக்காக’ என்னும் போக்கு எழுகிறது என்றார் பிளெஹானவ். கண்டின்ஸ்கியின் ஆன்மிகமும் அவ்வாறே பொருள்மயமான முதலாளித்துவ வாழ்க்கைக்கு எதிரான குரல். ஆனால் எதிரியின் வர்க்க உருவை இனங்காணாத குரல். புரட்சிக்குப் பின்னர், 1920 இல், மொஸ்கோவின் கலைப்பண்பாட்டு நிறுவனத்தை அவர் வழிநடத்தினார். அவரது உளவியல் சார்ந்த திட்டத்தை அங்கிருந்தோர் ஏற்கவில்லை. 1921 இன் இறுதியில் அவர் ஜேர்மனிக்குத் திரும்பினார். 1937 இல் நாஸிகள் நடத்திய ‘சீரழிந்த கலை’க் கண்காட்சியில் அவரது ஓவியங்களும் இழிவுபடுத்தப்பட்டன. ‘சீரழிவு’ என்னும் சொல்லை யார், எதற்காகப் பயன்படுத்தினர் என்பதை முற்போக்காளர் மறத்தலாகாது.

எனவே நம்முன் உள்ள பணி, அருவ ஓவியத்தை வழிபடுவதோ வைவதோ அன்று. நிறத்துக்கு உணர்வை ஊட்டிய உழைப்பையும் சந்தையையும் நம்பிக்கைகளையும், அவ்வரலாற்றிலிருந்து விலக்கப்பட்டோரையும், மீண்டும் அவ்வோவியத்தாளின் மீது காணக் கற்பதேயாகும்.