தந்தித் தீவிலிருந்து ஓபிஎஸ் வரை: வளைகுடாவில் நேரலை வந்த கதை

ராஸ் அல் கைமாவைத் தாண்டி ஓமான் எல்லைக்குள் போனால் முசந்தம். நம்மில் பலர் பள்ளி விடுமுறையில் அங்கே கஸப் துறைமுகத்தில் மரப்படகு ஏறி டால்பின் பார்த்திருப்போம். மலைகளுக்கு நடுவே கடல் வளைந்து வளைந்து உள்ளே போகும். வழியில் ஒரு சின்னப் பாறைத் தீவு. "டெலிகிராஃப் ஐலண்ட்" என்று படகுக்காரர் கை காட்டுவார். நாம் அங்கே கொஞ்சம் நீந்திவிட்டுத் திரும்பிவிடுவோம்.

தமிழில் அதைத் தந்தித் தீவு என்று சொல்லலாம். நீங்கள் லேப்டாப்பில் "ஸ்டார்ட் ஸ்ட்ரீமிங்" பொத்தானை அழுத்துகிறீர்களே, அந்தக் கதையின் முதல் அத்தியாயம் இந்தத் தீவில்தான் இருக்கிறது. வளைகுடாவுக்கும் இந்தியாவுக்கும் இடையே செய்தியை உடனுக்குடன் அனுப்ப நடந்த முயற்சிக்கு இப்போது 160 வயது. இந்தக் காலம் முழுவதும் ஒரே கேள்வி வேறு வேறு வடிவத்தில் வந்துகொண்டே இருந்தது: அனுப்பும் உரிமை யார் கையில்?

அரசின் கம்பி

1857 எழுச்சியின்போது இந்தியாவிலிருந்து லண்டனுக்குச் செய்தி போய்ச் சேர வாரக்கணக்கில் ஆனது. பிரிட்டிஷ் அரசுக்கு அது பெரிய பயம். அடுத்து செங்கடல் வழியாக ஒரு கடலடிக் கம்பி போட்டுப் பார்த்தார்கள். 1860க்குள் அது பயனற்றுப் போனது. பிறகு 1864இல் பாரசீக வளைகுடா வழியாகப் போட்டார்கள். குவாதர், முசந்தம், புஷேர், ஃபாவ் என்று கடலுக்கடியில் போய், அங்கிருந்து தரைவழிக் கம்பியில் துருக்கி வழியாக ஐரோப்பா. செம்புக் கம்பியின் மேல் உறையாக இருந்தது மலாய் நாட்டு மரங்களின் பால் உறைந்து வரும் கட்டாபெர்ச்சா.

முசந்தத்தில் கம்பி கரையேறிய இடத்தில்தான் அந்தத் தீவு. சுட்டெரிக்கும் பாறைமேல் சில ஆட்கள் உட்கார்ந்து, ஒரு பக்கம் வந்த செய்தியை மறுபக்கம் கையால் அடித்து அனுப்பினார்கள். சில ஆண்டுகளிலேயே நிலையத்தை மூடிவிட்டார்கள். அடித்தளத்தின் மிச்சம் மட்டும் இன்றும் இருக்கிறது. கம்பி அரசுடையது, கட்டணமோ மிக அதிகம். சாதாரண ஆள் அதில் "நலம்" என்று ஒரு சொல் அனுப்புவதுகூடக் கனவு.

நம் அப்பாக்களின் காலம்

நூறு ஆண்டு தள்ளி வருவோம். எண்ணெய்ப் பணத்தில் துறைமுகங்களும் சாலைகளும் எழுந்த 1970களில் தமிழ்நாட்டிலிருந்தும் கேரளாவிலிருந்தும் ஆட்கள் இங்கே வேலைக்கு வந்தார்கள். அபுதாபியில் 1969லேயே தொலைக்காட்சி வந்துவிட்டது. சென்னையில் அது 1975 ஆகஸ்ட் 15 அன்றுதான் தொடங்கியது. ஆனால் இந்த இரண்டு திரைகளிலும் அப்பாவின் முகமோ அம்மாவின் முகமோ வராது.

அவர்களுக்கு இருந்தது கடிதம், அவசரத்துக்குத் தந்தி, வரிசையில் நின்று பேசும் டெலிபோன், அப்புறம் ஆடியோ கேசட். வெற்றுக் கேசட்டில் அரை மணி நேரம் பேசிப் பதிந்து, ஊருக்குப் போகிறவர் கையில் கொடுத்தனுப்புவார்கள். பதில் கேசட் வரும்போது குழந்தை ஒரு வயது கூடியிருக்கும். பேசியவர் குரல் அப்படியே கேட்கும், ஆனால் அது எப்போதோ பேசியது. நேரலையில்லாத வாழ்க்கை எப்படி இருந்தது என்று யாராவது கேட்டால், வீட்டுப் பரணில் அந்தக் கேசட் இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள்.

ஷார்ஜாவிலிருந்து ஊருக்கு

1962இல் டெல்ஸ்டார் செயற்கைக்கோள் அட்லாண்டிக் கடலைத் தாண்டி நேரலைப் படத்தைக் கொண்டுபோனது. பிறகு பூமியோடு சேர்ந்து சுற்றும் செயற்கைக்கோள்கள் வந்தன. அவை நிலநடுக்கோட்டுக்கு மேலே சுமார் 35,786 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கும். படம் மேலே போய்க் கீழே வர 72,000 கிலோமீட்டர். ஒளியின் வேகத்தில் போனாலும் ஏறக்குறைய கால் நொடி. அவ்வளவுதான் தாமதம். இந்தக் கால் நொடியை நினைவில் வையுங்கள், பின்னால் தேவைப்படும்.

1984இல் ஷார்ஜாவில் முதல் ஆசியக் கோப்பை நடந்தது. 1986 ஏப்ரல் 18 அன்று அதே மைதானத்தில் இறுதிப் போட்டியின் கடைசிப் பந்து. பாகிஸ்தானுக்கு 4 ரன் தேவை. சேத்தன் சர்மா வீசினார், ஜாவேத் மியாண்டட் சிக்ஸர் அடித்தார். டிவி இருந்த வீடுகளில் இந்தியா அந்த நொடியிலேயே தலையில் கை வைத்தது. 1998 ஏப்ரல் 22 அன்று மணல்புயலுக்குப் பிறகு சச்சின் அடித்த 143, இரண்டு நாள் கழித்துத் தன் பிறந்த நாளில் அடித்த 134, இரண்டும் இதே ஷார்ஜாவிலிருந்து போன நேரலைதான்.

கேமரா பார்வையாளர் பக்கம் திரும்பும்போது ஊரில் இருந்தவர்கள் கூட்டத்தில் தங்கள் ஆளைத் தேடுவார்களாம். எங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். ஆனால் கேமரா எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்று அவர்களால் சொல்ல முடியாது.

இது விளையாட்டு. இதே நிலை 1990இல் உயிர்ப்பிரச்சினையாக வந்தது. ஆகஸ்ட் மாதம் ஈராக் குவைத்தைப் பிடித்தது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர்கள் ஜோர்டானின் அம்மான் வழியாக ஏர் இந்தியா விமானங்களில் ஊர் திரும்பினார்கள். அதுவரை பல வீடுகளுக்குத் தங்கள் ஆள் உயிரோடு இருக்கிறாரா என்றே தெரியாது. 1991 ஜனவரியில் பாக்தாத் குண்டுவீச்சை சிஎன்என் நேரடியாகச் சொன்னது. உலகத்துக்கு நேரலை இருந்தது. தன் மகன் எங்கே என்று கேட்ட அம்மாவுக்கு இல்லை.

1993இல் இரண்டு தொடக்கங்கள்

1993 ஏப்ரல் 14 அன்று சன் டிவி தொடங்கியது. பிறகு வளைகுடாவின் மொட்டை மாடிகளிலும் டிஷ் முளைத்தது, பொங்கலும் தீபாவளியும் தமிழில் வந்தன. நமக்குத் தமிழ் காதில் விழுந்துகொண்டே இருந்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

அதே ஆண்டு ஜூனில் கலிஃபோர்னியாவில் கணினிக்காரர்கள் சிலர் தங்கள் இசைக்குழுவின் நிகழ்ச்சியை இணையத்தில் நேரடியாக அனுப்பினார்கள். குழுவின் பெயர் சிவியர் டயர் டேமேஜ். படம் தபால்தலை போல, ஒலி சுமார். ஆனால் எந்த டிவி நிறுவனத்தையும் அவர்கள் கேட்கவில்லை. சன் டிவி நம் மொழியைக் கொண்டுவந்தது. அனுப்பும் உரிமை கைமாறத் தொடங்கியதோ இந்தச் சின்னப் படத்தில்தான்.

மறுபடியும் கடலடிக் கம்பி

நீங்கள் அனுப்பும் வீடியோ செயற்கைக்கோள் வழியாகப் போகிறது என்று நினைக்கிறீர்களா? பெரும்பாலும் இல்லை, கடலுக்கு அடியில்தான் போகிறது. 1997இல் பிரிட்டனையும் ஜப்பானையும் இணைத்த ஃபிளாக் என்ற கண்ணாடி இழைக் கேபிள் ஃபுஜைராவிலும் மும்பையிலும் கரையேறியது. 2005இல் வந்த சீ-மீ-வீ 4 ஃபுஜைராவோடு சென்னையையும் சேர்த்தது. 1864இல் தேர்ந்தெடுத்த கடல்பாதைக்குப் பக்கத்திலேயே நம் இணையமும் ஓடுகிறது.

2008 ஜனவரி 30 அன்று எகிப்தின் அலெக்சாண்ட்ரியா அருகே இந்த இரண்டு கேபிள்களும் அறுந்தன. இரண்டே நாளில் துபாய்க்கு அருகே ஃபால்கன் என்ற இன்னொரு கேபிளும் போனது. காரணம், கைவிடப்பட்ட 5 முதல் 6 டன் எடையுள்ள ஒரு கப்பல் நங்கூரம். வளைகுடாவிலும் இந்தியாவிலும் நாள்கணக்கில் இணையம் தவழ்ந்தது. 2025 செப்டம்பரில் செங்கடலில் ஜித்தா அருகே கேபிள்கள் அறுந்தபோதும் இங்கே அதை உணர்ந்தோம்.

விளையாட்டுப் பிள்ளைகள் செய்த மென்பொருள்

ஒரு கணக்கு போடுவோம். 1080பி படத்தில் 1920 × 1080 புள்ளிகள். ஒவ்வொன்றுக்கும் 24 பிட், நொடிக்கு 30 படம். பெருக்கினால் நொடிக்குச் சுமார் 1,490 மெகாபிட். உங்கள் வீட்டு இணையத்தில் இதை அனுப்ப முடியாது. 2003இல் வந்த ஹெச்.264 முறை இதை 5 மெகாபிட்டுக்குச் சுருக்குகிறது. அதாவது முந்நூறில் ஒரு பங்கு. எப்படி? எப்போதாவது ஒரு முழுப் படம், அதுதான் கீஃப்ரேம். நடுவில் மாறிய பகுதிகளை மட்டும் அனுப்பும். மணமேடையின் பின்னால் இருக்கும் பூ அலங்காரம் அசையாது, அதை ஏன் முப்பது முறை அனுப்ப வேண்டும்?

2009இல் ஆப்பிள் ஹெச்எல்எஸ் கொண்டுவந்தது. வீடியோவைச் சில நொடித் துண்டுகளாக வெட்டி, ஒவ்வொன்றையும் பல தரத்தில் வைக்கும். நல்ல இணையம் உள்ளவருக்குப் பெரிய படம், மெலிந்த இணையம் உள்ளவருக்குச் சின்னப் படம். இதற்கு ஒரு விலை உண்டு. துண்டுகள் சேரும்வரை காத்திருப்பதால் 10 முதல் 30 நொடி தாமதம் வரலாம். 1986இல் கால் நொடியில் போன நேரலை இன்று அதைவிட மெதுவாகப் போகிறது! அந்தத் தாமதத்தைக் கொடுத்துத்தான், எவருடைய போனுக்கும் போய்ச் சேரும் வசதியை வாங்கியிருக்கிறோம்.

2012இல் ஹ்யூ பெய்லி என்ற நிரலாளர் ஓபிஎஸ் என்ற மென்பொருளை இலவசமாக வெளியிட்டார், மூலநிரலும் திறந்தது. கணினி விளையாட்டை நேரலையில் காட்டுபவர்களுக்காகத்தான் அது பிறந்தது. பல கேமராக்களை மாற்றுவது, பெயர்ப் பட்டை போடுவது, ஒலியைக் கலப்பது என்று ஒளிபரப்பு வண்டி செய்த வேலையை இப்போது ஒரு லேப்டாப் செய்தது. அரசின் கம்பி, டிவிக்காரரின் டிஷ் என்று வந்த உரிமை கடைசியில் நம் கைக்கு வந்துவிட்டது.

கைக்கு வந்த பிறகு

2020 மார்ச் இறுதியில் இந்தியாவும் அமீரகமும் விமானங்களை நிறுத்தின. இங்கிருந்து ஊருக்கு முதல் சிறப்பு விமானங்கள் மே 7 அன்றுதான் கிளம்பின. அந்த இடைவெளியில், எங்கள் கட்டடத்தில் இருந்த ஒரு மாமாவின் அம்மா ஊரில் இறந்துபோனார். சொந்தக்காரப் பையன் போனில் நேரலை போட்டான். தரம் நன்றாக இருக்கட்டும் என்று 1080பியில் வைத்திருந்தான். கிராமத்து மொபைல் இணையம் அதைத் தாங்கவில்லை. வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. படம் திரும்பி வந்தபோது கொள்ளி வைத்து முடிந்திருந்தது. மாமா போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு ரொம்ப நேரம் பேசவில்லை. 480பியில் வைத்திருந்தால் அவர் பார்த்திருப்பார்.

அதனால் நேரலையில் தரம் என்றால் முதலில் அறுந்துபோகாமல் இருப்பது. கூர்மை அதற்குப் பிறகு. அடுத்த கல்யாணத்துக்கோ அரங்கேற்றத்துக்கோ உங்களைத்தான் கூப்பிடுவார்கள், ஓபிஎஸ்ஸில் இவற்றைப் பாருங்கள்:

- முன்தினமே மண்டபத்துக்குப் போய் அப்லோடு வேகத்தை அளந்து பாருங்கள். டவுன்லோடு எவ்வளவு இருந்தாலும் பயனில்லை. அளந்ததில் பாதிக்கு மேல் பிட்ரேட் வைக்காதீர்கள்.
- 720பிக்கு 2,500 முதல் 4,000 கிலோபிட், 1080பிக்கு 4,500 முதல் 6,000 கிலோபிட் போதும். ரேட் கண்ட்ரோல் சிபிஆர், கீஃப்ரேம் இடைவெளி 2 நொடி.
- வைஃபையை நம்பாதீர்கள். விருந்தினர் 300 பேரும் அதே வைஃபையில் ஏறுவார்கள். ரூட்டரிலிருந்து லேன் கேபிள் இழுங்கள்.
- லேப்டாப்பில் கிராஃபிக்ஸ் கார்டு இருந்தால் என்கோடரை அதற்கு மாற்றுங்கள். பிராசசர் மூச்சுவிடும்.
- ஒலியை மண்டபத்து மிக்சரிலிருந்து நேராக எடுங்கள். கெட்டிமேளம் முழங்கும்போது மீட்டர் சிவப்புக்குப் போகும், முன்பே குறைத்து வையுங்கள். படம் மங்கினால் பொறுப்பார்கள், மந்திரம் கேட்காவிட்டால் பொறுக்க மாட்டார்கள்.
- கூடவே லேப்டாப்பிலும் பதிவு செய்யுங்கள். கீழே "டிராப்டு ஃபிரேம்ஸ்" எண் ஏறினால் பிட்ரேட்டைக் குறைக்கும் நேரம் அது.
- சினிமாப் பாட்டு ஓடினால் காப்புரிமை காரணமாக நேரலை தடைபடலாம். அப்படி ஒரு கட்டம் வரும்போது ஒலியை இறக்கிவிடுங்கள்.
- அமீரகத்தில் ஒருவரின் சம்மதம் இல்லாமல் அவரைப் படமெடுத்துப் பரப்புவது சட்டப்படி குற்றமாகலாம். நேரலையில் வெட்டி எடுக்க முடியாது. வருபவர்களிடம் முன்பே சொல்லுங்கள், விரும்பாதவர்கள் பக்கம் கேமராவைத் திருப்பாதீர்கள்.

நம் பெற்றோர் தலைமுறை இந்தக் கதை முழுவதும் பார்க்கிற இடத்திலேயே இருந்தது. எதைக் காட்டுவது, எப்போது காட்டுவது என்று வேறு யாரோ முடிவு செய்தார்கள். இன்று அந்த முடிவு பதினாறு வயதுப் பிள்ளையின் விரலில் இருக்கிறது. ஆகவே செட்டிங்ஸைத் திறக்கும்போது உங்கள் கேமரா என்ன தரத்தில் எடுக்கும் என்பதைக் கடைசியில் யோசியுங்கள். மறுமுனையில் பார்க்கப்போகிறவர் யார், அவர் போன் எது, அவர் ஊரில் சிக்னல் எப்படி என்று முதலில் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். உங்கள் பிட்ரேட்டை அவர்தான் முடிவு செய்ய வேண்டும்.