வெண்மணி: தீர்ப்பும் நாவலும்

1968 டிசம்பர் 25 இரவு. கீழத்தஞ்சையின் கீழவெண்மணியில், ராமையாவின் குடிசைக்குள் உயிருக்கு அஞ்சி ஒளிந்திருந்த 44 தலித்துகள் எரித்துக் கொல்லப்பட்டார்கள். பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். அந்த மக்கள் கேட்டது கூடுதல் நெல் கூலி. செய்த ‘குற்றம்’, செங்கொடிச் சங்கத்தை விட்டு விலக மறுத்தது.

கீழ் நீதிமன்றம் தண்டித்த மிராசுதார்களை உயர் நீதிமன்றம் விடுவித்தது. கார் வைத்திருக்கும் பெரிய மனிதர்கள் தாங்களே நடந்துவந்து தீ வைத்திருப்பார்கள் என்று நம்ப முடியவில்லையாம்!

1975இல் இந்திரா பார்த்தசாரதியின் ‘குருதிப்புனல்’ வந்தது. வெண்மணியை நாவலுக்குள் கொண்டுவந்த துணிவை மறுக்க வேண்டியதில்லை. 1977இல் சாகித்ய அகாதமி விருதும் பெற்றது. ஆனால் அதில் பண்ணையாரின் வன்மத்துக்கு வேர் அவனுடைய ஆண்மைக் குறைவு. இடதுசாரிகள் இதைக் கடுமையாக எதிர்த்தார்கள்.

தீர்ப்பு ஆண்டையின் அந்தஸ்தைப் பார்த்தது. நாவல் அவன் உடலைப் பார்த்தது. தனி ஒருவனின் வக்கிரம் என்று சொல்லிவிட்டால் சாதியும் நிலவுடைமையும் தப்பித்துக்கொள்ளும். அன்றிரவு வந்தது ஒருவன் அல்ல, கூட்டம்.

தோழர்களே, நம்மைப் பற்றிய எந்தப் படைப்பிடமும் இதைக் கேளுங்கள்: கொன்றவனின் மனதுக்குள் போன அளவுக்கு, செத்தவர்களின் கூலிக் கணக்குக்குள் போனாயா?