புழு சொல்லும் நேரம்: மலேசியாவில் பூச்சித் தடயவியல் நடைமுறைக்கு வந்த வரலாறு

முன்னுரை

பினாங்கின் பெருநிலப் பகுதியில், தென் செபராங் பிறை மாவட்டத்தில் உள்ளது சிம்பாங் அம்பாட். பத்து காவான் தொழிற்பேட்டையும் 2014இல் திறக்கப்பட்ட இரண்டாம் பாலமும் அவ்வட்டாரத்தின் முகத்தையே மாற்றிவிட்டன. ஆயினும் செம்பனைத் தோட்டங்கள் அங்கே இன்னும் இருக்கின்றன. அத்தகைய தோட்டத்துக்குள் ஒருவர் இறந்து கிடந்து, சில நாள் கழித்தே உடல் கண்டெடுக்கப்பட்டால், விசாரணையில் எழும் முதல் கேள்வி 'எப்போது இறந்தார்?' என்பதுதான். உடலின் வெப்பமும் விறைப்பும் முதல் ஓரிரு நாள்களுக்கே வழிகாட்டும். அதன்பின் நேரம் சொல்லக்கூடியவை ஈப்புழுக்கள்.

அவற்றைக் கொண்டு நேரத்தைக் கணிப்பதே பூச்சித் தடயவியல். ஆனால் பிற நாட்டில் கண்டறிந்த உண்மை உள்ளூர் மண்ணில் மறுபடி சோதிக்கப்பட வேண்டும். பிறகு தடயம் சேகரிப்பவரின் கைக்கு எளிய நடைமுறையாக வந்து சேர வேண்டும். அப்போதுதான் அது நீதிக்கு உதவும். மலேசியப் பூச்சித் தடயவியலின் வரலாற்றைக் கொண்டு இதை நிறுவுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

வேரும் வரம்பும்

இத்துறையின் வேர் ஆசியாவில் இருக்கிறது. சீன நீதி அதிகாரி சுங் சு 1247இல் எழுதிய நூலில் ஒரு கொலை வழக்கு வருகிறது. ஊராரின் அரிவாள்களையெல்லாம் தரையில் பரப்பி வைத்தபோது ஒன்றில் மட்டும் ஈ மொய்த்தது. கழுவியும் போகாத இரத்த வாடை கொலையாளியைக் காட்டிக்கொடுத்தது. பிரான்சில் மெஞ்ஞான் என்பவர் 1894இல் வெளியிட்ட நூல், பிணத்தை நாடி வரும் பூச்சிகளை எட்டு அலைகளாக வரிசைப்படுத்தியது.

ஆனால் மெஞ்ஞானின் கணக்கு குளிர்நாட்டுக் கணக்கு. புழுவின் வளர்ச்சியை விரைவுபடுத்துவது வெப்பம். மலேசியப் பிணவறைகளில் அதிகம் காணப்படும் கிரைசோமையா மெகாசெஃபாலா என்னும் ஈ, இந்நாட்டு வெப்பத்தில் முட்டையிலிருந்து முழு ஈயாக ஏறத்தாழ பத்து நாளே எடுத்துக்கொள்கிறது. ஐரோப்பாவில் மாதக்கணக்கில் நீளும் அலைகள் இங்கே ஒன்றன்மேல் ஒன்றாக வந்துவிடுகின்றன. எனவே அந்த அட்டவணையை அப்படியே பின்பற்றினால் இறந்த நேரக் கணிப்பு தவறாகிவிடும்.

கோலாலம்பூரில் தொடக்கம்

1900இல் தொடங்கப்பட்ட மருத்துவ ஆய்வுக் கழகமே இங்கு முதல் அடி எடுத்து வைத்தது. ரீட் என்னும் ஆய்வாளர் 1953இல் மலாயாவின் ஈ வகைகளைப் பற்றி எழுதிய குறிப்புகள் அதற்கு அடித்தளமிட்டன. மனித உடல்களில் எடுத்த புழுக்களைக் கொண்டு இறந்த நேரத்தைக் கணிப்பதிலுள்ள நுட்பச் சிக்கல்களை லீ ஹான் லிம்மும் சக ஆய்வாளர்களும் 1984இல் விளக்கினர். லீ, கிருஷ்ணசாமி உள்ளிட்டோர் 2004இல் வெளியிட்ட கட்டுரை, 1972 முதல் 2002 வரை கழகத்துக்கு வந்த மாதிரிகளைத் தொகுத்து ஆராய்ந்தது.

இங்கே ஆய்வும் அன்றாட வேலையும் ஒரே கூரையின் கீழ் நடந்தன என்பது கவனிக்கத்தக்கது. கொசுக்களை ஆராய்ந்த அதே பூச்சியியல் பிரிவுக்குத்தான் பிணவறையிலிருந்து புழுப் புட்டிகளும் வந்து சேர்ந்தன. சட்டமும் துணை நின்றது. குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 399ஆம் பிரிவு, அரசு இரசாயன ஆய்வாளர்களுடைய அறிக்கையைப் போலவே இக்கழக அதிகாரிகளின் அறிக்கையையும் சான்றாக ஏற்கிறது. எதிர்த்தரப்பு கோரினால் அறிக்கை எழுதியவரே சாட்சிக் கூண்டில் ஏற வேண்டும்.

தோட்டத்துக்குள் ஆய்வு

அடுத்த கட்டமாக ஆய்வாளர்கள் தோட்டங்களுக்குள் இறங்கினர். சிலாங்கூர் தஞ்சோங் செபாட்டின் செம்பனைத் தோட்டத்தில் பன்றியுடலை வைத்துச் செய்த ஆய்வு 2008இல் வெளிவந்தது. தென் செபராங் பிறையை ஒட்டியுள்ள கெடாவின் பண்டார் பாருவில், குரங்கு உடல்களை வைத்து மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் அஸ்வாண்டி அகமதுவும் அபு ஹசான் அகமதுவும் செய்த ஆய்வு 2009இல் வந்தது. சிம்பாங் அம்பாட் தோட்டங்களின் வெயிலுக்கும் ஈரத்துக்கும் நெருங்கிய சான்று இது.

தோட்ட மக்களுக்கு நேரடியாகத் தொடர்புடைய இன்னோர் ஆய்வும் அதே 2009இல் கிளந்தானிலிருந்து வந்தது. முன்பு சென்னைத் தடய அறிவியல் துறையில் பணியாற்றிய ஜெயப்பிரகாஷும், அவருடன் மாஹாட், ஸஃபரினா ஆகியோரும் மழையும் மாலத்தியான் பூச்சிக்கொல்லியும் ஈக்களின் வரவை எப்படி மாற்றுகின்றன என்று முயலுடல்களில் சோதித்தனர். நஞ்சு கலந்த உடல்களில் ஈ முட்டையிடுவது பிந்தியது. அதைக் கருதாமல் கணக்கிட்டால், உண்மையில் இறந்த நாளுக்குப் பின்னொரு நாளை அறிக்கை சொல்லிவிடும்.

புட்டிக்குள் என்ன நடக்கிறது?

புழுவின் பின்முனையில் மூச்சுத் துளைகள் உள்ளன. நுண்ணோக்கியில் பார்த்தால் மூன்றாம் பருவப் புழுவுக்கு ஒவ்வொரு துளைத் தட்டிலும் மூன்று பிளவுகள் தெரியும். இரண்டாம் பருவத்துக்கு இரண்டே. வயதை அறிய நீளமும் அளக்கப்படுகிறது. உயிருள்ள புழுவை நேரே சாராயத்தில் போட்டால் அது சுருங்கிவிடும், இளையதாகத் தோன்றும். எனவே முதலில் சுடுநீரில் இட்டுக் கொன்று, பிறகே சாராயத்தில் சேர்க்க வேண்டும். ஒரு பகுதியை உயிரோடு வளர்த்து, ஈயாக்கி, இனத்தை உறுதிப்படுத்த வேண்டும்.

களத்திலும் பிழைக்கு இடமுண்டு. முதிர்ந்த புழுக்கள் உடலை விட்டு விலகி மண்ணுக்குள் கூட்டுப்புழுவாகும்; மண்ணைத் தோண்டிப் பார்க்காதவர் மிக மூத்த சாட்சியைத் தவறவிடுவார். முள்மயிர் போன்ற நீட்சிகள் கொண்ட கிரைசோமையா ரூஃபிஃபேசியஸ் புழுக்கள் பிற இனப் புழுக்களைத் தின்றும்விடும். பிணவறைக் குளிரில் வளர்ச்சி தடைபடுவதால், உடல் கிடந்த இடத்தின் வெப்பத்தையும் குளிர்ப்பெட்டியில் வைத்த நேரத்தையும் குறித்துத் தர வேண்டும்.

முடிவுரை

இந்த வரலாற்றில் ஆய்வு மூன்று படிகளைக் கடந்திருக்கிறது: இனங்களை அறிதல், உள்ளூர் வெப்பத்தில் வளர்ச்சியை அளத்தல், அறிக்கைக்குச் சட்ட ஏற்புப் பெறுதல். நான்காவது படி களத்தில் இருக்கிறது. உடலருகே முதலில் செல்லும் காவலருக்கும் பிணவறை ஊழியருக்கும் வெப்பமானியும் புட்டிகளும் முறையான பயிற்சியும் கிடைக்காவிட்டால், கோலாலம்பூரில் எத்தனை நுண்ணோக்கி இருந்தும் பயனில்லை. அறிக்கையும் ஒற்றை நேரத்தைச் சொல்லாமல், குறைந்தது இத்தனை நாள் என்னும் வரம்பையும் அதன் ஐயத்தையும் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். 'அன்று நான் ஊரிலேயே இல்லை' என்று ஒருவர் சொல்வது மெய்யா பொய்யா என்பது கணிப்பின் ஒரு நாள் வேறுபாட்டில் தீர்மானிக்கப்படலாம். தோட்டத்தில் இறந்தவரின் குடும்பத்துக்கும், குற்றம் சாட்டப்பட்டவரின் குடும்பத்துக்கும் இந்தத் துல்லியத்தைக் கேட்கும் உரிமை உண்டு.