கலங்கரை விளக்கம்

கப்பலுக்குக் கரையைக் காட்டும் விளக்கு என்றுதான் பலரும் இச்சொல்லைப் பிரித்துப் பொருள்கொள்கிறோம். உள்ளே இருக்கும் ‘கரை’ கடற்கரை அன்று. கரைதல் என்ற வினை. காகம் கரைகிறது என்கிறோமே, அதேதான். கரைதல் என்றால் அழைத்தல். கலம் என்பது மரக்கலம். ஆக, கலத்தைக் கூப்பிடும் விளக்கு. சிலப்பதிகார உரையில் அடியார்க்கு நல்லாரும் இப்படித்தான் விளக்குகிறார்.

தொண்டைமான் இளந்திரையனைப் பாடும் பெரும்பாணாற்றுப்படையில், நீர்ப்பெயற்று என்ற துறையில் உயர்ந்த மாடத்தில் இரவில் ஏற்றிய தீ, ஓடும் கலங்களைக் ‘கரைகிறது’. அந்தத் துறை மாமல்லபுரமே என்பாரும் உண்டு. முடிவான சான்று இல்லை. ஆனால் பொருத்தம் வியக்க வைக்கிறது. ஊர்க்குன்றின் மேல் 8-ஆம் நூற்றாண்டில் பல்லவர் எழுப்பிய உழக்கெண்ணெய் ஈசுவரர் கோயிலின் உச்சியில்தான் ஆங்கிலேயர் முதலில் விளக்கு வைத்தார்கள். பக்கத்தில் நிற்கும் கற்கோபுர விளக்கம் பிறகு வந்தது.

இந்த அழைப்பைத் தகவல் தொடர்பாகவும் பார்க்கலாம். அனுப்புநர், செய்தி, ஊடகம், பெறுநர் என்று தகவல் தொடர்பியல் வகுப்பில் கட்டம் போட்டுக் காட்டுவார்கள். அதற்கு முன்னோடியான கட்டப்படத்தைக் கணிதவியலாளர் கிளாட் ஷானன் 1948-இல் வெளியிட்டார். ஒளியை ‘அழைப்பு’ என்று சொன்ன வினைச்சொல்லில் நான்குமே அடங்கியிருக்கின்றன: ஏற்றியவர், வா என்ற செய்தி, இருளில் செல்லும் ஒளி, கடலில் கண் வைத்திருக்கும் மாலுமி.