கூண்டுக் கிளியின் வரலாறு



சேலம், நாமக்கல் சமவெளியில் சோளக் கதிர் முற்றும் பருவத்தில் கிளிக் கூட்டம் வந்திறங்கும். உழவர் தகரம் தட்டி அவற்றை ஓட்டுவர். கொல்லையில் பகையான அப்பறவையே வீட்டுக் கூண்டில் செல்லமாயிற்று. நம் சொல்லைத் திருப்பிச் சொல்லும் ஆற்றலே அதற்குக் காரணம். அவ்வாற்றலால் அது பெற்ற சிறப்பையும் இழந்த மதிப்பையும் இன்று காண்போம்.

இலக்கியத்திலும் வழிபாட்டிலும் கிளியின் நிலை உயர்ந்தது. தினைப்புனம் காக்கும் மகளிர் கிளி கடிவதைச் சங்கப் பாடல்கள் கூறும். திருவில்லிபுத்தூரில் ஆண்டாளின் இடக்கையில் வைக்கும் கிளியை நாள்தோறும் இலைகளால் புதிதாகச் செய்கின்றனர். பலபட்டடைச் சொக்கநாதப் பிள்ளையோ அழகரிடம் கிளியையே தூது விடுத்துப் பாடினார். தூது செல்பவர் தாமே சென்று தாமே பேசும் தகுதியுடையவர் அன்றோ?

தெருவில் நிலைமை வேறு. எங்கள் பக்கத்துச் சந்தைகளில் கிளி சோதிடரை நான் பன்முறை கண்டுள்ளேன். சிறகு கத்தரித்த கிளி கூண்டினின்று வெளிவந்து, அலகால் ஒரு சீட்டை எடுத்துத் தரும். ஒரு நெல்மணியைப் பெற்று மீண்டும் உள்ளே புகும். பேசும் பறவை வாளாவிருக்க, அதன் பெயரால் மனிதர் பேசுவார். அவரும் செல்வரல்லர், அந்நெல்மணியின் உழைப்பே அவர் குடும்பத்தின் சோறு.

1972-இல் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் பிறந்தது. 1991-ஆம் ஆண்டுத் திருத்தத்தின்பின், நம் நாட்டுக் காட்டுப் பறவைகளைப் பிடித்து விற்பது குற்றமாயிற்று. 2024 ஏப்ரலில் கடலூர்ப் பகுதியில் தேர்தல் வெற்றியைக் கணித்துச் சொன்ன சோதிடரின் கிளிகளை வனத்துறையினர் கைப்பற்றினர். வறியவர் பிழைப்பு கெடலாமா எனின், அக்கேள்வி நியாயமானதே. அவர்க்கு வேறு தொழில் தேடித் தருவது சமூகத்தின் கடன். அக்கடனைக் கிளியின் தலையில் சுமத்துதல் முறையாகாது.

கிளிக்குத் தன் விருப்பம் என ஒன்று உண்டா? அமெரிக்காவில் ஐரீன் பெப்பர்பெர்க் அம்மையார் 1977-இல் வாங்கி வளர்த்த அலெக்ஸ் என்னும் ஆப்பிரிக்கச் சாம்பற்கிளி, நிறங்களையும் வடிவங்களையும் பெயரிட்டுக் கூறிற்று. ஆறு வரை எண்ணிற்று. பயிற்சியில் சலித்தபோது, தன் இடத்திற்குத் திரும்ப வேண்டுமெனத் தானே கேட்டது. 2007-இல் அது இறந்தது. செவிசாய்ப்போர் வாய்த்தபோது கிளி தன் சொல்லையும் சொல்லிற்று.

பேச வல்லது என்பதால் மட்டும் கிளி மதிப்புக்குரியதாகாது. பேசாத காக்கையும் கொக்கும் அவ்வாறே மதிக்கத் தக்கன. 1976-இல் நம் அரசியலமைப்பில் சேர்க்கப்பெற்ற அடிப்படைக் கடமைகளுள் உயிர்களிடத்து இரக்கம் காட்டுதலும் ஒன்று. மாலையில் நம் வயல்களின் மேல் பச்சைக்கிளிகள் கூட்டமாய்க் கத்திச் செல்லும்போது நிமிர்ந்து நோக்குங்கள். அங்கே அவை பேசுவது நாம் கற்பித்த சொல்லன்று. அவற்றின் சொந்த மொழி.