1281: நெருப்புக்குத் தப்பிய நூல்

சென்ற வாரம் கந்தளாய்க்கு அருகில் கிடைத்த பாலமோட்டைக் கல்வெட்டைப் பார்த்தோம். இலங்கை மன்னர் முதலாம் விஜயபாகுவின் 42ஆவது ஆட்சியாண்டில், நங்கைசானி என்ற பிராமண விதவை தென்கைலாசம் என்னும் விஜயராஜ ஈஸ்வரத்துக்குக் கொடை அளித்தார். அந்தத் தருமத்தைக் காக்கும் பொறுப்பை வேளைக்காரர் என்ற படையினர் ஏற்றனர். கல்லில் வெட்டியதால் நங்கைசானியின் பெயரும் ஆண்டும் நம் கைக்கு வந்துவிட்டன. சீனத்தின் பெரும் ஞானி லாவோ ட்சுவுக்கு அப்படி ஒரு கல் வாய்க்கவில்லை.

கி.மு. 100 வாக்கில் அவர் வரலாற்றை எழுதிய சிமா சியானுக்கே விவரங்கள் பிடிபடவில்லை. லீ குலத்தவர், சூ நாட்டுக்காரர், சோ அரசின் ஏடுகளைக் காத்தவர், கன்பூசியஸ் தேடிப்போய்ச் சந்தித்தவர் என்கிறார். அரசு சீரழிவதைக் கண்டு மேற்கே புறப்பட்டவரை, எல்லைக் கணவாயின் காவலர் நிறுத்தி, எழுதித் தந்துவிட்டுப் போகும்படி வேண்டினாராம். ஏறத்தாழ 5,000 எழுத்துகளில் நூலைக் கொடுத்துவிட்டுப் போனவர் எங்கே முடிந்தார் என்பது யாருக்கும் தெரியாது. இவ்வளவும் சொல்லிவிட்டு, லாவோ ட்சு வேறு ஆளாகவும் இருக்கலாம் என்று இன்னும் இரண்டு பெயர்களையும் தருகிறார் சிமா சியான். தனக்கு வந்த செய்திகளில் எதையும் மறைக்காத அந்த நேர்மைக்காகவே அவரை நான் வணங்குவேன்.

'தாவோ தே சிங்' என்ற அந்த நூலின் உயிர், வலிந்து செய்யாத ஆட்சியும் தாழ்ந்து போகும் நீரின் வலிமையும். 1986 ஏப்ரலில் குளக்கட்டு உடைந்ததைக் கண்ட கந்தளாய்க்காரருக்கு நீரின் வலிமையை யாரும் விளக்க வேண்டியதில்லை.

கி.பி. 2ஆம் நூற்றாண்டுக்குள் லாவோ ட்சு தெய்வமாகிவிட்டார். லீ குலத்துத் தாங் பேரரசர்கள் அவரைத் தம் மூதாதை என்று உரிமை கொண்டாடினர். 647இல் அவர் நூலைச் சமஸ்கிருதத்தில் பெயர்க்கும் பணி, இந்தியாவிலிருந்து திரும்பியிருந்த யுவான் சுவாங்கிடம் ஒப்படைக்கப்பட்டது. மேற்கே போனவர் இந்தியாவில் புத்தராக அவதரித்தார் என்று தாவோ மதத்தார் கதை கட்டியதும், பௌத்தர்கள் கொதித்தனர். நூற்றாண்டுகளாகத் தொடர்ந்த அந்தச் சண்டை, மங்கோலியப் பேரரசர் குப்ளாய் கானின் அவை வரை போனது.

இங்கேதான் தமிழர் வருகிறார்கள். 1281 சித்திரையில், சீனத்தின் குவான்சோ துறைமுகத்தில், சம்பந்தப் பெருமாள் என்பவர் குப்ளாயின் நலனுக்காகச் சிவனை எழுந்தருளச் செய்தார். அதைச் சொல்லும் தமிழ்க் கல்வெட்டு அங்கே கிடைத்திருக்கிறது. அதே நகரின் சிங்யுவான் மலையடிவாரத்தில், சோங் காலத்தில் செதுக்கிய லாவோ ட்சு ஐந்து மீட்டருக்கும் மேற்பட்ட உயரத்தில் வீற்றிருக்கிறார். அந்தச் சிலையை நம்மவர் பார்த்திருப்பார்கள் என்றே நினைக்கிறேன்.

அதே 1281இன் பிற்பகுதியில், பௌத்தர்களுடனான அந்தச் சண்டையின் விளைவாக, தாவோ மத நூல்களை எரிக்கும்படி குப்ளாய் ஆணையிட்டார். விலக்குப் பெற்றது 'தாவோ தே சிங்' மட்டுமே.

உண்மையில் எந்த ஆணையாலும் அதை முழுதாக அழித்திருக்க முடியாது. கி.மு. 168இல் மூடப்பட்ட மாவாங்துய் கல்லறையிலிருந்து 1973இல் அதன் பட்டுப் பிரதிகள் வெளிவந்தன. 1993இல் குவோதியனில் கிடைத்த மூங்கில் ஏடுகள் கி.மு. 300 அளவிலானவை. அவற்றில் நூலின் ஒரு பகுதிதான் இருக்கிறது, வரிசையும் வேறு. லாவோ ட்சு என்று ஒருவர் வாழ்ந்திருக்கலாம். நூல் பலர் கைபட்டு வளர்ந்தது என்பதே என் கணிப்பு.