கரண்டு வண்டி

எங்க ஊர்ல எங்க குட்டியானைக்கு இப்ப ‘கரண்டு வண்டி’ன்னுதான் பேர். சரக்கு ஏத்துற தொட்டியின் ஓரமாக ரெண்டு பிளக் பாயிண்ட் வெச்ச நாள்ல இருந்து இப்படி. வேலிக்கால்ல துளை போடணுமா, கேட்டுக் கம்பியை அறுக்கணுமா, ராத்திரி களத்துல லைட்டு வேணுமா, வண்டியை அங்கயே கொண்டுபோய் நிறுத்திப் பிளக்கைச் சொருகினால் வேலை ஆகிவிடும். “இதென்னங்க புது யோசனையா இருக்கு”ன்னு கேக்கறாங்க. புதுசே இல்லைங்க. இதற்கு நூறு வருசத்துக்கும் மேலே கதை இருக்கிறது.

அதுக்கு முன்னாடி, டவுன்ல இருக்கறவங்களுக்கு ஒரு விசயம். தோட்டத்துல கரண்டு இருக்குன்னா தோட்டம் பூரா இருக்குன்னு அர்த்தமில்லை. கிணத்து மேட்டுல மோட்டார் ரூம், அதுக்குள்ள ஸ்டார்ட்டர், அவ்வளவுதான். 1932-ல் பைக்காரா மின்சாரம் மலையிறங்கிக் கோயமுத்தூர்ச் சீமைக்கு வந்தபோதே தோட்டப் பக்கம் அது கிணறுகளைத் தேடித்தான் வந்தது. எங்க அப்பாரு கவலை இறைத்த மாடுகளுக்கு ஓய்வு கிடைத்ததும் அப்படித்தான். 1990-ல் விவசாயிகள் எல்லாருக்கும் இலவச மின்சாரம் வந்தபோதும் அது தண்ணி எடுக்கத்தான். கிணத்து மேட்டில் இருந்து கால் மைல் தள்ளி இருக்கற களத்துக்கு அது நடந்து வராது. நாமதான் ஒயரை இழுத்துக்கிட்டுப் போகணும்.

1997-ல் எங்க சித்தப்பா அப்படித்தான் இழுத்துக்கிட்டுப் போனார். மழை வர்ற மாதிரி இருந்தது, களத்துல சோளம் கிடந்தது. லைட்டுப் போட்டு ராத்திரியே அள்ளிடலாம்னு மோட்டார் ரூம்ல இருந்து ஒயர் இழுத்தார். மூணு இடத்துல ஒட்டுப் போட்டு டேப்பு சுத்தின ஒயர். அதுல ஒரு ஒட்டு வாய்க்கால் ஈரத்தில் கிடந்தது. லைட்டு எரிந்தது. ஒயரை நகர்த்தி வைக்கப் போனவர் திரும்பி வரவில்லை. எனக்கு அப்ப பதினாறு வயசு. சோளத்தை அன்னைக்கு யாரும் அள்ளவில்லை.

கரண்டை ஒயர்ல இழுக்காமச் சக்கரத்துல கொண்டுபோக முடியுமாங்கறதுதான் நான் ரொம்ப நாளாகத் தேடிப் படித்த விசயம்.

வண்டிக்குள் கரண்டு எப்படி வந்ததுன்னு போனால் அது அமெரிக்காவில் ஒரு விவசாயி மகன்கிட்டப் போய் நிக்குது. சார்லஸ் கெட்டரிங், ஓஹையோ மாநிலத்துக்காரர். அந்தக் காலத்தில் காரை ஸ்டார்ட் பண்ண முன்னாடி நின்று கைப்பிடியைச் சுத்தணும். அது திருப்பி அடிச்சால் கை முறியும். இவர் செய்த எலக்ட்ரிக் ஸ்டார்ட்டர் 1912 மாடல் காடிலாக் காரில் வந்தது. ஸ்டார்ட்டருக்குப் பேட்டரி வேணும், பேட்டரியை நிரப்ப ஒரு டைனமோ வேணும். ஆக, ஓடுற வண்டிக்குள்ளேயே ஒரு சின்னப் பவர் ஹவுஸ் உட்கார்ந்துகொண்டது.

அதே மனுசன் 1916-ல் ‘டெல்கோ லைட்’ என்று ஒன்றைக் கொண்டுவந்தார். ஒரு சின்ன எஞ்சின், ஒரு டைனமோ, வரிசையாகக் கண்ணாடி ஜாடிகளில் பேட்டரி. 32 வோல்ட். கம்பம் எட்டாத பண்ணை வீடுகளுக்காக வந்த சாதனம். அங்கேயும் நம்மூர்க் கதைதான். நாலு வீட்டுக்காக மைல் கணக்கில் கம்பி இழுத்தால் கட்டுப்படியாகாது என்று கம்பெனிகள் கிராமப் பக்கமே வரவில்லை. 1935-ல் ரூஸ்வெல்ட் கிராம மின்மயமாக்கல் நிர்வாகம் என்று ஒன்றைத் தொடங்கினபோது, பத்துப் பண்ணைக்கு ஒன்றில்தான் கரண்டு. அரசுக் கடனை வாங்கி, விவசாயிகளே கூட்டுறவு சேர்ந்து கம்பம் நட்டார்கள்.

1950-களில் அங்கே பெரும்பாலான பண்ணைகளுக்குக் கரண்டு வந்துவிட்டது. வந்தது வீட்டுக்கும் தொழுவத்துக்கும். புல் அறுக்கற காட்டுக்கு இல்லை. இந்த இடத்தில்தான் எனக்கு ரொம்பப் பிடித்த சாமான் வருகிறது. 1954-ல் இண்டர்நேஷனல் ஹார்வெஸ்டர் கம்பெனி, ஜெனரல் எலக்ட்ரிக்கோடு சேர்ந்து, ‘எலெக்ட்ரால்’ என்று ஒன்றை விட்டது. ஃபார்மால் டிராக்டரிலேயே ஏற்றின 10 கிலோவாட் ஜெனரேட்டர். பின்னால் வைக்கோல் கட்டுற மிஷினில் மோட்டார். நடுவில் சுத்துற இரும்புத் தண்டுக்குப் பதில் ஒரு கேபிள். கரண்டு போன ராத்திரியில் பண்ணைக்கே இதை மாட்டிக்கொள்ளலாம். இன்னைக்கு நாம ஆச்சரியப்படறது அத்தனையும் அதில் இருந்தது. ஆனாலும் சில வருசத்தில் காணாமல் போனது. டிராக்டரின் பி.டி.ஓ. தண்டே அந்த வேலையைச் சல்லிசாகச் செய்யும்போது எவன் அதிகம் காசு கொடுப்பான்? விவசாயி கணக்கு எல்லா ஊர்லயும் ஒண்ணுதான்.

அப்புறம் ரொம்ப காலம் வண்டியில் இருந்தது சுருட்டுப் பத்தவைக்கற ஓட்டை மட்டும்தான். போன் சார்ஜ் போடுறோமே, அதுவேதான். 2004 வாக்கில் ஜெனரல் மோட்டார்ஸ் தன் சில்வராடோ ஹைபிரிட் பிக்கப்பில் வீட்டுப் பிளக் மாதிரியே நாலு கொடுத்தது. 2005-ல் டொயோட்டா டகோமாவின் தொட்டியில் 400 வாட்ஸ் பாயிண்ட் ஒன்று வந்தது. 2021 மாடல் ஃபோர்டு எஃப்-150-ல் 7.2 கிலோவாட் வரைக்கும் எடுக்கலாம் என்றார்கள். அந்த வருசம் பிப்ரவரியில் டெக்சாஸில் பனி கொட்டிக் கரண்டு போய், குளிரில் சனம் செத்தது. அந்த வண்டி வெச்சிருந்தவங்க தொட்டியில் இருந்து வீட்டுக்குள் ஒயர் இழுத்து ஹீட்டர் போட்டார்கள். ஷோரூமில் நிற்கிற வண்டிகளையும் இரவல் கொடுக்கச் சொல்லி ஃபோர்டு டீலர்களைக் கேட்டுக்கொண்டது.

நம்ம குட்டியானைக்கு அதெல்லாம் ஏது? வீட்டில் சும்மா கிடந்த இன்வெர்ட்டரையும் 150 ஏ.எச். பேட்டரியையும் தொட்டியின் முன்பக்கம் பெட்டி கட்டி வைத்தேன். வண்டி பேட்டரியைத் தொடவில்லை. இதை வீட்டில் சார்ஜ் போட்டுக்கொள்கிறேன். 800 வாட்ஸ்தானேன்னு முதலில் வீட்டு ஒயரிங்குக்கு மிச்சமான ஒயரையே போட்டேன். பத்தே நிமிசம், ரப்பர் இளகி நாத்தம் வந்தது. கணக்கு இதுதான்: 230 வோல்ட்டில் 800 வாட்ஸுக்கு நாலு ஆம்பியர்கூட ஆகாது. அதையே 12 வோல்ட்டில் எடுத்தால், வீணாவதையும் சேர்த்து 75 ஆம்பியருக்கு மேல் ஓடும். அதனால் பேட்டரிக்கும் இன்வெர்ட்டருக்கும் நடுவே கட்டை விரல் மொத்தத்துக்குக் கேபிள், முடிந்தவரை குட்டையாக. பேட்டரி முனையிலேயே ஒரு ஃபியூஸ்.

பிளக்குக்கு முன்னால் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. ஒன்று. உடம்பு வழியாக மண்ணுக்குக் கரண்டு கசிந்தால் கண் இமைக்கறதுக்குள்ள அறுத்துவிடும். ஆனால் இன்வெர்ட்டர் நியூட்ரலையும் சேசிஸையும் முறையாக இணைக்காவிட்டால் வண்டியில் அது சும்மா அலங்காரம்தான். எல்லா இன்வெர்ட்டரும் அந்த இணைப்புக்கு ஒத்துவராது. தெரிஞ்ச எலக்ட்ரீசியனை வைத்துச் செய்யுங்கள், என்னை மாதிரி மிச்ச ஒயரை வைத்து அல்ல.

போன மாசம் ராத்திரி களத்தில் லைட்டுப் போட்டேன். சின்னம்மா வந்து கொஞ்ச நேரம் வண்டியைச் சுத்திச் சுத்திப் பார்த்தாங்க.

“ஒயரு எங்கடா போகுது?”

“எங்கயும் போகலீங் சின்னம்மா. இந்த டப்பாவோட சரி.”

குனிஞ்சு, வண்டிக்கு அடியிலயும் ஒருதரம் பார்த்துட்டு, முறத்தை எடுத்துக்கிட்டுச் சோளத்துக்கிட்டப் போனாங்க.